வேலி போட்டால் யாருக்கு? வேலி எடுத்தால் யாருக்கு?



தீபாவளி நெருங்கினால் துணிக்கடையில் நம் வீட்டுப் பெண்கள் முதலில் பார்ப்பது விலைச் சீட்டைத்தான். அந்த விலையைக் கடைக்காரர் மட்டும் தீர்மானிப்பதில்லை. கடல் கடந்த சர்க்கார்கள் போட்ட ஒரு வேலியும் நெடுங்காலம் அதில் கலந்திருந்தது. அந்த வேலிக்குப் பெயர் கோட்டா.

'அயல்நாட்டுத் துணி இந்த ஆண்டு இவ்வளவுதான் வரலாம், அதற்கு மேல் ஒரு கஜம்கூட வரக்கூடாது' என்று அளவு கட்டுவதே கோட்டா. சுங்கவரி வேறு, இது வேறு. வரியைக் கட்டினால் சரக்கு உள்ளே வந்துவிடும். கோட்டா நிரம்பிவிட்டாலோ, எவ்வளவு பணம் கொடுத்தாலும் கதவு திறக்காது.

இந்த வேலி ஒரு காலத்தில் நம் வாசலிலேயே போடப்பட்டது. 1930-ஆம் ஆண்டு வாக்கில் உலகமெங்கும் வியாபார மந்தம். ரப்பர் விலை சரிந்தது. தோட்டத்து ஆண்களின் நாள் கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் இறங்கியது. பின்னர் இன்னும் இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்தக் கஷ்ட காலத்தில் ஏழைகளுக்குக் கைகொடுத்தது ஜப்பானிலிருந்து வந்த மலிவுத் துணி.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு இது பெரும் அடியாக இருந்தது. ஆகவே 1934-இல் பிரிட்டிஷ் சர்க்கார் தன் காலனிகளில் அயல்நாட்டுத் துணிக்குக் கோட்டா விதித்தது. மலாயாவிலும் சட்டம் வந்தது. 1927 முதல் 1931 வரை இறக்குமதியான சராசரி அளவையே அளவுகோலாக வைத்தார்கள். ஜப்பான் துணி வெள்ளமாக வந்ததோ அதற்குப் பிறகு! சூட்சுமம் புரிகிறதல்லவா? இலங்கையில் அரசாங்க சபை இதற்கு இணங்க மறுத்தது. லண்டனிலிருந்து நேரடியாக ஆணை பிறப்பித்து அங்கே அமுல்படுத்தினார்கள்.

லங்காஷயர் தொழிலாளியும் வேலையிழந்து வாடியவர்தான். அவர் துயரத்தை நாம் சிறிதாக எண்ணலாகாது. ஆனால் அவர் வீட்டு அடுப்பு எரிய, இங்கே 32 காசு வாங்கிய பெண் தன் சேலைக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதாயிற்று. அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலம் மாறியது. வேலியின் திசையும் மாறியது. ஆசிய நாடுகள் தாமே நூல் நூற்று, சட்டை தைத்து, மேல்நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கின. உடனே பணக்கார நாடுகள் தங்கள் வாசலில் வேலி கட்டின. முதலில் பருத்தித் துணிக்கு மட்டும் கட்டினார்கள். 1974 ஜனவரி முதல் தேதி கம்பளிக்கும் செயற்கை நூலுக்கும் சேர்த்துப் பெரிய ஒப்பந்தம் ஒன்று அமுலுக்கு வந்தது. எந்த நாடு எத்தனை டஜன் சட்டை, எத்தனை டஜன் காற்சட்டை அனுப்பலாம் என்று வகைவகையாக எண்ணிக்கை வைத்தார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் இந்த அளவுக்குள்தான் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தன.

இதில் ஒரு விந்தையும் நடந்தது. ஹாங்காங், கொரியா போன்ற இடங்களின் முதலாளிகள் தங்கள் நாட்டு அளவு நிரம்பியதும், அளவு மீதமிருந்த நாடுகளைத் தேடிப் போனார்கள். மொரீஷியஸிலும் இலங்கையிலும் வங்காளதேசத்திலும் தையல் ஆலைகள் பெருகின. வங்காளதேசத்திலிருந்து 1979-இல் 130 பேர் தென்கொரியாவுக்குச் சென்று தொழில் பழகித் திரும்பினார்கள். அந்நாட்டின் பெரிய தொழிலுக்கு அது ஒரு வித்தாயிற்று. எவரையோ தடுக்கக் கட்டிய வேலி, வேறு எவருக்கோ நிழல் கொடுத்தது.

1995-இல் உலக வர்த்தக நிறுவனம் தோன்றியபோது, இந்த வேலியைப் பத்தாண்டுகளில் நான்கு கட்டமாக நீக்க உடன்பாடு செய்தார்கள். முதலில் நூற்றுக்கு 16 பங்கு, 1998-இல் 17, 2002-இல் 18. மீதி 49 பங்கை 2005 ஜனவரி முதல் தேதிக்கு ஒத்தி வைத்தார்கள். முதலில் விடுவித்தவற்றில் பெரும்பாலானவை கெடுபிடியே இல்லாத சரக்குகள். நிஜமான வேலி கடைசி நாள் வரை நின்றது.

வேலி போனதும் சீனத் துணி பெருக்கெடுத்தது. ஐரோப்பா பயந்துபோய் அதே 2005-இல் மறுபடி அளவு கட்டியது. கோடிக்கணக்கான உடுப்புகள் அங்குள்ள துறைமுகங்களில் தேங்கி நின்றன. அமெரிக்காவும் சீனத் துணிக்கு 2008 முடியும்வரை கட்டுப்பாடு வைத்திருந்தது. மேல்நாட்டில் துணி வாங்கியவர்களுக்கு விலை மலிந்தது. ஆனால் கோட்டாவை நம்பி மொரீஷியஸுக்கும் ஆப்பிரிக்காவின் லெசோத்தோவுக்கும் வந்த ஆலைகளில் பல மூடப்பட்டன. முதலாளி இயந்திரத்தைக் கப்பலேற்றிவிட்டுப் போகலாம். தையல்காரி குடும்பத்தை எங்கே கொண்டு போவாள்?

வங்காளதேசத்துத் தொழில் அழிந்துவிடும் என்று பலரும் சொன்னார்கள். அழியவில்லை, வளர்ந்தது. காரணம் என்ன? பழகிய கைகள் ஒன்று. மிகக் குறைந்த கூலி மற்றொன்று. அதன் விலையை உலகம் 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி கண்டது. டாக்கா அருகே ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டும், மறுநாள் அவர்களை உள்ளே போகச் சொன்னார்கள். அதன் பிறகே தொழிற்சங்கங்களும் பெரிய கம்பெனிகளும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்தன. குறைந்தபட்சச் சம்பளமும் அதே ஆண்டு 3,000 டாக்காவிலிருந்து 5,300 டாக்காவாக உயர்ந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? வேலி இருந்தபோதும் கூலி தானாக உயரவில்லை, வேலி போனபோதும் உயரவில்லை. கோட்டா முதலாளிக்குச் சந்தையைக் காட்டும். தொழிலாளிக்குச் சம்பளத்தைக் காட்டாது. அதைத் தருவது சட்டமும் சங்கமும் கைத்திறனும்தான். நம் நாட்டிலும் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. தீபகற்பத்தில் அன்று மாதம் 900 வெள்ளி. அதற்காக எத்தனை ஆண்டுகள் குரல் கொடுக்க வேண்டியிருந்தது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகள் ஆலை வேலைக்குப் போவதாக இருந்தால் சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். அங்கே சங்கம் உண்டா, ஆலை மூடினால் நஷ்ட ஈடு உண்டா, கற்கும் தொழில் வேறு இடத்திலும் பயன்படுமா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மலிவுச் சட்டை வாங்குவது தவறல்ல. நம் வருமானம் அவ்வளவுதான். ஆயினும் அதன் கழுத்துப் பட்டையில் எந்த நாட்டுப் பெயர் இருக்கிறது என்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அங்கே ஊசி பிடித்தவளும் நம்மைப் போல நாள் சம்பளத்தை எண்ணியவள் என்பதையும் சொல்லிக் கொடுங்கள்.