சாட்சி அமெரிக்காவில் இருக்கிறார்!

ஒரு கல்லூரி மாணவி என்று வைத்துக் கொள்வோம். குரோம்பேட்டையோ கோவில்பட்டியோ, எந்த ஊரானாலும் சரி. அவள் முகத்தை வேறொரு உடம்போடு ஒட்டி, போலிப் பெயரில் கணக்கு திறந்து, எவனோ ஒருவன் ஊருக்கெல்லாம் அனுப்புகிறான். பெண்ணும் அப்பாவும் சைபர் கிரைம் போலீசுக்குப் போகிறார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். புகாரை வாங்கிக் கொள்கிறார். கம்பெனிக்கு எழுதிப் படத்தையும் நீக்க வைக்கிறார்.

‘அனுப்பினது யாரு சார்?’ என்று அப்பா கேட்கிறார்.

‘கம்பெனி அமெரிக்காவுல இருக்கு. எழுதிப் போட்டிருக்கோம். பார்ப்போம்.’

அந்த ‘எழுதிப் போட்டிருக்கோம்’ என்பதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா?

கணக்கு திறந்தவன் கொடுத்த பெயர், போன் நம்பர், எந்த ஐ.பி. முகவரியிலிருந்து நுழைந்தான் போன்ற மேலோட்டமான விவரங்களை அமெரிக்க கம்பெனிகள், மனசிருந்தால், நம் போலீசுக்கு நேரடியாகத் தரலாம். ஆனால் அவன் யாருக்கு என்ன எழுதினான், என்ன அனுப்பினான் என்ற சரக்கைத் தரக் கூடாது. 1986ல் அமெரிக்கா போட்ட சட்டம் தடுக்கிறது. கோர்ட்டில் நிற்கப் போவதோ பெரும்பாலும் அந்தச் சரக்குதான்.

அதை வாங்க ஒரு வழி உண்டு. இந்தியாவும் அமெரிக்காவும் 2001ல் கையெழுத்துப் போட்டு, 2005ல் நடைமுறைக்கு வந்த பரஸ்பர சட்ட உதவி ஒப்பந்தம். நம்ம ஊர் ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் காகிதம் மாநில உள்துறைக்குப் போகும். அங்கிருந்து டெல்லி உள்துறை அமைச்சகம். அங்கிருந்து வாஷிங்டன் நீதித்துறை. அங்கே ஒரு அரசு வக்கீல் அதை எடுத்துக் கொண்டு போய் ஒரு நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். அவர் திருப்திப்பட்டு வாரண்ட் போட்டால் கம்பெனி தரும். பிறகு வந்த வழியே திரும்பி வர வேண்டும். இப்படி வரும் வெளிநாட்டுக் கோரிக்கைகளுக்குச் சராசரியாக 10 மாதம் ஆகிறது என்று ஒபாமா நியமித்த குழுவே 2013 டிசம்பரில் ஒப்புக் கொண்டது.

பத்து மாதத்தில் ஒரு பிள்ளையே பிறந்துவிடும். நமக்கு ஒரு ஈமெயில் வரவில்லை.

‘பார்த்தீர்களா, அமெரிக்காவின் திமிரை!’ என்று கொதிக்கத் தோன்றும். கொதிப்பதில் நியாயமும் இருக்கிறது. ஒரு போதைமருந்து வழக்கில், அயர்லாந்தின் டப்ளின் நகரில் மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த ஈமெயில்கள் அமெரிக்க போலீசுக்கே தேவைப்பட்டன. 2013ல் வாரண்ட் போட்டார்கள். கம்பெனி மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தீர்ப்பு வருவதற்குள், 2018 மார்ச்சில், அமெரிக்கா சட்டத்தையே மாற்றிவிட்டது. கிளவுட் சட்டம் என்று பெயர். முள் தன் காலில் குத்தினால்தானே எடுக்கத் தோன்றும்!

ஆனால் அதே சட்டத்தில் மற்ற நாடுகளுக்கும் ஒரு கதவு வைத்தார்கள். தனி ஒப்பந்தம் போட்டுக் கொண்டால், அந்த நாட்டு போலீஸ் வாஷிங்டனைச் சுற்றாமல் கம்பெனியிடமே நேராகக் கேட்கலாம். பிரிட்டனின் ஒப்பந்தம் 2022ல் அமலானது. ஆஸ்திரேலியாவுடையது 2024ல்.

நாம் ஏன் அந்த வாசலில் நிற்கவில்லை? கதவுக்கு நிபந்தனைகள் இருக்கின்றன. அதில் இரண்டு முக்கியம். தகவல் கேட்டுப் போடும் உத்தரவை ஒரு நீதிபதியோ, சுதந்திரமான வேறொரு அமைப்போ சரிபார்க்க வேண்டும். கருத்துச் சுதந்திரத்தை நெரிக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

இப்போது நம்ம சட்டப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69வது பிரிவின்படி உங்கள் செய்திகளை இடைமறித்துப் படிக்க உத்தரவு போடுபவர் உள்துறைச் செயலாளர். அது சரிதானா என்று பரிசீலிக்கும் குழுவிலும் செயலாளர்களே. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94வது பிரிவின்படி, மின்னணு ஆதாரத்தைக் கொடு என்று ஸ்டேஷன் அதிகாரியே எழுதிக் கேட்கலாம். நீதிபதி எங்கே? காணோம்.

நீதிபதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒருவர், ஒரு மத்திய மந்திரியின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகக் கைது செய்யப்பட்டார். அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில், பால் தாக்கரே மறைவுக்கு நடந்த கடையடைப்பைப் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதிய பெண்ணும், அதை ‘லைக்’ செய்த தோழியும் கைதானார்கள். அதற்கு உதவிய 66ஏ பிரிவை 2015ல் உச்ச நீதிமன்றம் குப்பையில் போட்டது. பிரிவு போய்விட்டது. புத்தி போய்விட்டதா?

இன்னொரு வேடிக்கை. சைபர் குற்றங்களுக்காக 2001ல் புடாபெஸ்டில் ஒரு சர்வதேச உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்தது. இந்தியா சேரவில்லை. தயாரிக்கும்போது எங்களைக் கூப்பிடவில்லை என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பத்திரிகை வைக்கவில்லை என்று கல்யாணத்துக்கு வராத பெரியப்பா மாதிரி. பக்கத்து வீட்டு இலங்கை 2015லேயே போய்ப் பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

பிறகு ஐ.நா.வே 2024 டிசம்பரில் ஒரு உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆரம்பித்து வைத்தது ரஷ்யா. அதன்படி நான்கு வருடமோ அதற்கு மேலோ சிறை கிடைக்கக் கூடிய எந்தக் குற்றத்துக்கும் நாடுகள் மின்னணு ஆதாரத்தைக் கேட்டுப் பெறலாம். எது குற்றம் என்று அந்தந்த நாட்டுச் சட்டம்தான் சொல்லும். அரசை விமர்சித்தால் ஐந்து வருடம் என்று எழுதி வைத்திருக்கும் நாட்டுக்கு இது எவ்வளவு வசதி! மறுப்பதற்கும் அதில் இடமிருக்கிறது. மறுக்கும் மனசு வேண்டுமே.

‘எல்லாத்துக்கும் கோர்ட்டுக்குப் போனா குற்றவாளி தப்பிச்சிடுவான் சார்’ என்பார்கள். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற விதியால் போலீஸ் வேலை நின்றா போய்விட்டது? ஐரோப்பிய யூனியன் 2023ல் ஒரு சட்டம் செய்து, 2026 ஆகஸ்ட் முதல் அமல் என்று நாள் குறித்தது. ஒரு நாட்டு அதிகாரி இன்னொரு நாட்டிலுள்ள கம்பெனியிடம் நேராகக் கேட்கலாம். 10 நாளில் தர வேண்டும். உயிர் போகிற அவசரம் என்றால் 8 மணி நேரம். செய்தியின் உள்ளடக்கம் வேண்டுமென்றால் நீதிபதி கையெழுத்து கட்டாயம். வேகமும் நீதிபதியும் ஒரே வண்டியில் போக முடியும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதை மதித்து, நீதிபதி ஒப்புதல் இல்லாமல் யாருடைய கடிதத்தையும் படிக்க முடியாது என்று ஒரு சட்டத் திருத்தம் செய்தால் என்ன? அமெரிக்கா சொல்கிறது என்பதற்காக அல்ல. நமக்காகச் செய்ய வேண்டியது அது. பிறகு வாஷிங்டன் வாசலில் போய் நின்று, ‘இப்போது என்ன காரணம் சொல்லப் போகிறாய்?’ என்று மேஜையைத் தட்டிக் கேட்கலாம்.

அதுவரை அந்த அப்பா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அவர் பெண்ணைக் காப்பாற்றவும் நமக்குச் சட்டம் போதவில்லை. நாளைக்கு அவளே அரசை விமர்சித்து இரண்டு வரி எழுதினால், அப்போது காப்பாற்றவும் போதாது.