பீருக்கு உள்ள மரியாதை பதநீருக்கு ஏன் இல்லை?

சாயர்புரம், ஏரல், நாசரேத், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரங்களில் பனை நிற்காத புன்செய் குறைவு. ஆனால் பனை வைத்திருக்கும் விவசாயியிடம் கேட்டால், "மரம் இருக்கிறது, ஏற ஆள் இல்லை" என்றே பதில் வருகிறது. ஏற ஆள் இல்லாத மரம் சில ஆண்டுகளில் செங்கல் சூளைக்கு விறகாகப் போய்விடுகிறது. பனை பாளை விட 12 முதல் 15 ஆண்டுகள் ஆகும். மானாவாரி மணலில் அதற்கு மேலும் ஆகும். தாத்தா காலத்து மரத்தை வெட்டி ஒரு வாரச் செலவுக்குப் பணமாக்குவது எவ்வளவு பெரிய நட்டம் என்பதை விவசாயிகள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆள் இல்லை என்பது நோயின் அறிகுறியே தவிர நோய் அல்ல. ஒரு நாளைக்கு 30, 40 மரம், அதுவும் காலையும் மாலையும் ஏறி இறங்கும் தொழிலாளிக்கு, அந்த உழைப்புக்கும் உயிர் ஆபத்துக்கும் ஏற்ற கூலி கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் பதநீருக்கு உறுதியான விலை இல்லாமை. விலை இல்லாததற்குக் காரணம், பதநீரை நாம் இன்னும் ஒரு பானத் தொழிலாக நடத்தத் தொடங்கவில்லை என்பதே. கள்ளுக்கு அனுமதி உண்டா இல்லையா என்ற வாதத்தில் பல ஆண்டுகள் போய்விட்டன. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், தரமும் விற்பனையும் விவசாயி கையில் இல்லாவிட்டால் பனைக்கு வாழ்வு இல்லை என்பது என் கருத்து.

ஒரு பொழுது தாங்காத பானம்

பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் 100-க்கு 10 முதல் 14 பங்கு சர்க்கரை இருக்கிறது. சீவிய பாளையின் நுனி, அரிவாள், கழுவாத கலயம், காற்று ஆகியவற்றின் வழியாக ஈஸ்ட் எனப்படும் நுண்ணுயிரும் சில பாக்டீரியாக்களும் சாற்றில் இறங்குகின்றன. நம் ஊர் வெயிலில் அவை சில மணி நேரத்திலேயே சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றிவிடும். அதுவே கள். மேலும் வைத்திருந்தால் புளித்துக் காடியாகும்.

இதைத் தடுக்க நம் முன்னோர் கண்ட வழி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது. சுண்ணாம்பின் காரத்தில் நுண்ணுயிர்கள் பெருக முடியாது. சாறு இனிப்பு மாறாமல் பதநீராகவே இருக்கும். ஆனால் அளவு தவறக்கூடாது. சுண்ணாம்பு கூடினால் நாக்கு சொல்லும். குறைந்தால் மூக்கு சொல்லும். சரியான அளவில் தடவினாலும் அது காலை முதல் நண்பகல் வரை காக்கும் காவலே. அதனால்தான் காலையில் இறக்கிய பதநீரை அங்கேயே ஓலைப்பட்டையில் குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உடனே விடிலியில் தாச்சி ஏற்ற வேண்டும் என்ற நிலை.

காய்ச்சுவதிலும் மிச்சம் குறைவு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். விறகுச் செலவு வேறு. வீட்டுப் பெண்கள் மணிக்கணக்கில் புகையில் நின்று கிண்ட வேண்டும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த கருப்பட்டி, சீனிப்பாகு கலந்த மலிவுக் கருப்பட்டியோடு சந்தையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல செய்தி. ஆனால் வாங்குபவர் கலப்படத்தைக் கண்டுபிடிக்க வழி செய்யாவிட்டால் குறியீட்டால் மட்டும் விலை ஏறாது.

போலந்து நாட்டுச் சிற்றூர் தரும் பாடம்

எளிதில் கெட்டுப்போகும் பானம் நம்முடையது மட்டுமல்ல. உலகெங்கும் விற்கும் பீரும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பீர் என்பது பார்லித் தானியத்திலிருந்து வருவது. நாம் கேழ்வரகை முளைகட்டிக் காய வைப்பது போலப் பார்லியை முளைகட்டிக் காய வைத்து, அரைத்து, வெந்நீரில் ஊற வைத்து, சாறு இறக்குகிறார்கள். அதில் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறிய பின் ஈஸ்ட் இட்டுப் புளிக்க வைக்கிறார்கள். ஹாப்ஸ் பூ கசப்பும் தரும், பீரைக் கெடுக்கும் பாக்டீரியாக்களையும் அடக்கும். நம் கலயத்தில் சுண்ணாம்பு செய்யும் காவல் வேலையில் ஒரு பகுதியை அங்கே ஹாப்ஸ் செய்கிறது. பீர் கெடுவதற்கான காரணங்களை ஆராய்ந்து பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1876-ல் ஒரு நூலே வெளியிட்டார். சுத்தம், அளவான சூடு, குளிர் ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே பீர் ஊர் விட்டு ஊர் போகும் சரக்காயிற்று.

ஐரோப்பாவில் பீர் உற்பத்தியில் முன்னணியில் உள்ள நாடுகளில் போலந்தும் ஒன்று. ஒக்கோச்சிம் ஆலை 1845-லும், ஜிவியெத்ஸ் ஆலை 1856-லும் தொடங்கப்பட்டவை. லூப்ளின் வட்டாரத்தில் விவசாயிகள் ஹாப்ஸ் கொடி பயிரிடுகிறார்கள். அந்நாட்டில் குரோஜிஸ்க் என்ற சிற்றூர் இருக்கிறது. கருவேலி போன்ற ஓக் மர விறகின் புகையில் உலர்த்திய கோதுமையிலிருந்து, சாராயச் சத்து மிகக் குறைந்த ஒரு பீர் அங்கே பல நூற்றாண்டுகளாகக் காய்ச்சப்பட்டு வந்தது. பெரிய ஆலைகளின் சரக்கோடு போட்டியிட முடியாமல் கடைசி ஆலை 1993-ல் மூடப்பட்டது. எனினும் அந்த ஈஸ்ட் வகையும் செய்முறையும் அடியோடு அழிந்துவிடவில்லை. வீட்டில் பீர் காய்ச்சும் ஆர்வலர்கள் செய்முறையைத் தேடித் தொகுத்தனர். 2015-ல் அதே ஊரில் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஊர்ப்பெயரே அந்தப் பானத்தின் பெயர். அதுவே அதன் மதிப்பு.

இந்தக் கதைக்கு மறுபுறமும் உண்டு. ஒக்கோச்சிம் இன்று டென்மார்க் நாட்டு கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. ஜிவியெத்ஸ் ஆலை நெதர்லாந்தின் ஹைனெக்கன் வசம் இருக்கிறது. பானத்தின் பெயர் ஊருக்குச் சொந்தமாக இருந்தாலும், ஆலை யாருக்குச் சொந்தமோ அவருக்கே இலாபம் போகும். இதையும் நம் விவசாயிகள் மறக்கக்கூடாது.

தரம் பார்த்து விலை

பீர் ஆலைகள் பார்லியை மூட்டைக் கணக்கில் மட்டும் பார்த்து வாங்குவதில்லை. முளைப்புத்திறன் எவ்வளவு, புரதச்சத்து அளவோடு இருக்கிறதா, மணி பருமனாக இருக்கிறதா, ஈரம் எவ்வளவு என்று சோதித்து வாங்குகின்றன. தேறிய தானியத்துக்கு ஒரு விலை. தேறாதது மாட்டுத் தீவன விலைக்குப் போகும். எனவே விவசாயி விதை வாங்கும்போதும் உரம் இடும்போதும் அந்தத் தரத்தை மனத்தில் வைத்தே செய்கிறார்.

நம் பதநீருக்கு இப்படி ஒரு சோதனை உண்டா? 14 பங்கு சர்க்கரை உள்ள பதநீருக்கும் 10 பங்கு உள்ளதற்கும் ஒரே விலை. சுத்தமான கலயத்தில் இறக்கியவருக்கும் கலயத்தைக் கழுவாமல் மாட்டியவருக்கும் ஒரே விலை. சாக்கரினும் சுண்ணாம்புத் தண்ணீரும் கலந்து சாலையோரம் விற்பவருக்கும் அதே விலை! நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒரே விலை என்றால் நல்லது செய்பவர் தொழிலை விட்டுப் போவார். பனைத் தொழிலில் நடந்திருப்பது இதுதான்.

இன்னொன்றும் நினைக்கத்தக்கது. நம் மாநிலத்தில் விற்கும் பீருக்கான பார்லி பெரும்பாலும் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், அரியானா போன்ற வட மாநிலங்களில் விளைவது. இங்கே பீர் குடிப்பவர் கொடுக்கும் காசில் ஒரு சிறு பங்காவது வடநாட்டு விவசாயிக்குப் போகிறது. நம் பனை விவசாயிக்கு ஒன்றும் இல்லை.

கள் வழக்கு முடியும் வரை காத்திருக்கலாமா?

மதுவிலக்கு 1937-ல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி, 1981-ல் மீண்டும் தளர்ந்தது. 1987 சனவரி முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை நீடிக்கிறது. பக்கத்துக் கேரளத்திலும் இலங்கையிலும் கள் சட்டப்படி விற்கப்படுகிறது. கள்ளின் சாராயச் சத்து பெரும்பாலும் பீரை ஒட்டியதே. பீருக்குக் கடை உண்டு, கள்ளுக்கு இல்லை என்ற விவசாயிகளின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது.

ஆனால் நாளையே அனுமதி வந்தால் என்ன நடக்கும்? கடையை ஏலத்தில் எடுப்பவர் ஒருவர். மரம் ஏறுபவர் வேறொருவர். சரக்கு போதாத நாளில் மயக்க மருந்து கலப்பது பிற மாநிலங்களில் கண்ட உண்மை. குடும்பத் தலைவர் குடியில் வீழ்ந்தால் வீடு படும் பாட்டையும் நாம் அறிவோம். தரம் பார்க்கும் முறையும், விற்பனையில் விவசாயிக்கு உரிமையும் இல்லாமல் கள் வந்தால், பழைய குத்தகைக் கதையே திரும்பும். அந்த இரண்டும் இருந்தால், பதநீரிலேயே போதிய வருமானம் காணலாம். ஆகவே முதல் வேலை இதுதான். சட்டம் பிறகு எப்படி மாறினாலும் இந்த வேலை வீண் போகாது.

விவசாயிகள் செய்யக்கூடியவை

1. கலயத்தை நாள்தோறும் வெந்நீரில் கழுவி, வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். பாளை அரிவாளையும் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பதநீர் கெடுவதில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

2. நன்றாக நீற்றிய, கல் மண் இல்லாத சுண்ணாம்பையே சலித்துப் பயன்படுத்த வேண்டும். சுண்ணாம்பு தடவிய கலயமே சட்டத்தின் கண்ணில் பதநீருக்கு அடையாளம் என்பதால் இதில் அலட்சியம் கூடாது.

3. மரத்திலிருந்து இறக்கியதும் துணியில் வடிகட்டி, நிழலில் வைத்து, இயன்றவரை விரைவில் குளிர வைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன் சேகரிப்பு முடிந்துவிட வேண்டும்.

4. பக்கத்துப் பக்கத்துப் புன்செய்க்காரர்களும் பனை ஏறுவோரும் சேர்ந்து ஒரு சேகரிப்பு இடம் அமைக்கலாம். பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கம் இருக்கும் ஊரில் அதன் வழியாகவே செய்யலாம். பாலுக்குக் கொழுப்புச் சத்து பார்ப்பது போல, சர்க்கரை அளவு காட்டும் சிறு மானியும் புளிப்பு காட்டும் தாளும் இருந்தால் இரண்டு நிமிடத்தில் தரம் தெரிந்துவிடும். சர்க்கரை கூடிய, புளிக்காத பதநீருக்குக் கூடுதல் விலை. தரம் குறைந்தது கருப்பட்டிக்கு. புளித்தது தள்ளுபடி என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

5. தரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் விலையில் ஏறுபவருக்கும் பங்கு இருக்க வேண்டும். மரம் குத்தகைக்கு விட்டாலும், வாரத்துக்கு விட்டாலும் இதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. கலயத்தைச் சுத்தம் செய்வது அவர் கை; பலன் அவருக்கும் போனால்தான் அந்தக் கை அக்கறையோடு வேலை செய்யும். அவர் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்பதையும் மரத்துக்காரர் கேட்டறிய வேண்டும்.

அரசு செய்ய வேண்டியவை

தென்னை நீரா இறக்க 2017-ல் அரசு அனுமதி அறிவித்தது. காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், தென்னம்பாளைச் சாற்றைப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் குளிராகவே சேகரித்து, 'கல்பரசா' என்ற பெயரில் பானமாக்கும் முறையை உருவாக்கியது. சுண்ணாம்பு இல்லாமலே சாறு புளிக்காமல் இருப்பதற்கு அந்தக் குளிரே காரணம். பனையிலும் இம்முறையைப் பரவலாகச் செய்து பார்க்க வேண்டும். குளிர்ந்த பெட்டியில் இறக்கிய சாற்றையும் பதநீராகவே கொள்ள விதியில் தெளிவு வேண்டும்; இல்லாவிட்டால் புதிய முறையைக் கையாளும் விவசாயி வழக்குக்குப் பயந்து பின்வாங்குவார்.

2021-ல் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வந்தபோது பனை மேம்பாட்டு இயக்கம் அறிவிக்கப்பட்டது. பனை விதைகளும் கன்றுகளும் வழங்க ஏற்பாடாயிற்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இன்று ஊன்றும் விதை பாளை விடும்போது, இன்று பத்து வயதுச் சிறுவன் வாலிபனாகியிருப்பான். அவன் மரம் ஏறுவானா என்பதை, இன்று நிற்கும் மரத்தில் ஏறும் அவன் தகப்பனாரின் வருமானமே முடிவு செய்யும். ஆகவே விதைக்குச் செலவிடும் அக்கறையை, ஊருக்கு ஒரு குளிர்ச் சேகரிப்பு நிலையத்துக்கும் செலவிட வேண்டும்.

வருகிற தை, மாசியில் பாளை வெடிக்கும் முன்பே, பத்துப் பேராவது ஒன்றுகூடிப் பேசி, மரங்களைக் கணக்கெடுத்து, சேகரிக்கும் இடத்தையும் தரத்துக்கான விலையையும் முடிவு செய்துகொள்ளுங்கள். சோதனைக் கருவிகள், சேகரிப்பு முறை பற்றிய விவரங்களுக்குக் கிள்ளிகுளம் வ.உ.சி. வேளாண்மைக் கல்லூரியையோ வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தையோ அணுகலாம். அதுவரை, விறகு வியாபாரி எவ்வளவு விலை சொன்னாலும் காய்ப்பு மரத்தையும் பாளை மரத்தையும் விற்றுவிடாதீர்கள்.