தங்கம் நிலைத்தது, ஐயம் தீரவில்லை

புது தில்லி: ஊக்கமருந்து உட்கொண்டு பிடிபடுவோர் அதற்கு முன்னர் வென்ற பதக்கங்களுக்கு என்ன மதிப்பு? 2030-ம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகளை ஆமதாபாத் நடத்தவுள்ள நிலையில், தில்லிப் போட்டிகளுக்குப் பிறகு எழுந்த இக்கேள்வி மீண்டும் முக்கியத்துவம் பெறுகிறது.

2010-ல் தில்லி காமன்வெல்த், குவாங்சௌ ஆசியப் போட்டி இரண்டிலும் மகளிர் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது. இறுதிச் சுற்றில் ஓடிய நால்வரில் மன்தீப் கௌர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி ஆகியோர் 2011-ல் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினர். ஊட்டச்சத்து மருந்தே காரணம் என்று வாதிட்டபோதிலும், சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012-ல் ஓராண்டுத் தடையை இரண்டாண்டுகளாக உயர்த்தியது.

எனினும் பதக்கங்கள் பறிக்கப்படவில்லை. மாதிரி எடுக்கப்பட்ட நாளிலிருந்தே முடிவுகள் ரத்தாகும் என்பது பொதுவிதி. இதே விதி இந்தியாவுக்குச் சாதகமாகவும் அமைந்தது. பஹ்ரைன் வீராங்கனை கெமி அடெகோயாவின் முடிவுகள் 2018 ஆகஸ்ட் 24 முதல் ரத்தானதால், ஜகார்த்தா கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியா பெற்ற வெள்ளி, 2020-ல் தங்கமாக உயர்ந்தது.

ஆனால், முந்தைய சாதனை நேர்மையானதே என்று விதி சான்றளிப்பதில்லை. விவகாரத்தில் சிக்காத நான்காவது வீராங்கனையின் தங்கத்தின் மீதும் நிழல் படிந்ததே மிச்சம்.

தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமைக்கு நாடாளுமன்றம் 2022-ல் சட்ட அந்தஸ்து வழங்கியது. பயிற்சி முகாம்களிலேயே திடீர் சோதனைகள் தொடர்ந்து நடந்தால்தான், ஆமதாபாதில் வெல்லும் பதக்கங்கள் ஐயத்துக்கு இடமின்றி நிலைக்கும்.