குடும்பப் பெயர் என்னும் கட்டம்

விடுமுறைக்கு வெளிநாடு செல்ல எண்ணிக் கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்ப அமரும் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டம். ஒரு பெயரும் அதன்முன் ஒரு தலைப்பெழுத்தும் மட்டுமே உடையவர் அங்கே எதை எழுதுவார்? தலைப்பெழுத்தை அப்படியே எழுத இயலாது. விரித்துத்தான் எழுத வேண்டும். கட்டத்தை வெற்றாக விட்டாலும் கடவுச்சீட்டு கிடைத்துவிடும். தொல்லை அதன்பிறகே தொடங்குகிறது.

2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் அனுமதிக்கப்படமாட்டார்கள் என்று விமான நிறுவனங்கள் அறிவித்தன. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்ற விளக்கம் சில நாள்களில் வந்தது. அமெரிக்க விசாவிலோ, இருக்கும் ஒரே பெயர் குடும்பப் பெயரின் இடத்துக்குப் போய்விடுகிறது. முதற்பெயரின் இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சிடப்படுகிறது. 'முதற்பெயர் தெரியவில்லை' என்பது அதன் பொருள். ஊரே அறிந்த பெயரை உடையவர் பெயரறியாதவர் ஆகிறார்.

தந்தையின் பெயரை எழுதியவர்களுக்கும் நிம்மதியில்லை. நால்வர் கொண்ட குடும்பத்தில் கணவரின் குடும்பப் பெயர் அவருடைய தந்தையின் பெயர். மனைவிக்கு அவருடைய தந்தையின் பெயர். பிள்ளைகள் இருவருக்கும் கணவரின் பெயர். ஆக, ஒரு வீட்டுக்கு மூன்று குடும்பப் பெயர்கள். தாய் மட்டும் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, "இவர்கள் உங்கள் பிள்ளைகள்தாமா?" என்ற கேள்விக்குப் பிறப்புச் சான்றிதழைக் காட்ட நேரலாம்.

இவற்றையெல்லாம் தமிழ்ப் பெயரின் குறைபாடாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. அது பிழை. தமிழ்ப் பெயரிடும் முறையில் தலைப்பெழுத்து தந்தையைச் சுட்டுகிறது, தலைமுறைதோறும் மாறுகிறது. பரம்பரைப் பெயர் அதில் இல்லாமற்போனதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. தொடர்ந்து பலர் பெயரின் பின்னொட்டை வெட்டியெறிந்தார்கள். அவ்வாறு வெற்றிடமானதைத்தான் இன்றைய படிவம் 'நிரப்புக' என்கிறது.

இத்தகைய நெருக்கடியைச் சீக்கியர்களும் கண்டவர்கள். 1699இல் கால்சா உருவானபோது சாதியடையாளத்துக்கு மாற்றாக வந்தவை 'சிங்', 'கவுர்' என்னும் பெயர்கள். குடியேற விண்ணப்பித்தவர்களிடம், இவை மிகப் பொதுவானவை, வேறு குடும்பப் பெயர் தருக என்று கனடா கேட்டுவந்தது. எதிர்ப்பு எழுந்ததும் 2007இல் அதைக் கைவிட்டது. இந்தோனேசியா எதிர்த்திசையில் சென்றது. சுகர்ணோ, சுகார்த்தோ என ஒற்றைப் பெயருடைய அதிபர்கள் ஆண்ட அந்நாடு, அடையாள ஆவணங்களில் பெயர் குறைந்தது இரண்டு சொற்களாக இருக்க வேண்டும் என 2022இல் விதி செய்தது. கனடாவில் விதி மக்களுக்காக வளைந்தது. இந்தோனேசியாவில் மக்கள் படிவத்துக்காக வளைந்தார்கள்.

பன்னாட்டு விதி உண்மையில் இவ்வளவு கடுமையானதன்று. பன்னாட்டுக் குடிமை விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணம் 'குடும்பப் பெயர்' என்று வற்புறுத்தவில்லை. 'முதன்மை அடையாளம்', 'துணை அடையாளம்' என்றே பிரிக்கிறது. இரண்டாகப் பிரிக்க இயலாத பெயரை முழுவதும் முதன்மை அடையாளமாகக் கொள்ளவும் இடமளிக்கிறது. ஆகவே ஒற்றைப் பெயரை எந்தக் கட்டத்தில் இடுவது என்பது கடவுச்சீட்டை வழங்கும் அரசின் கையில் உள்ள முடிவு. அதை மாற்ற எவரும் தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டல் மற்றொரு சிக்கல். கயல்விழி என்பவரின் 'ழி' பள்ளிச் சான்றிதழில் 'இசட்', 'எச்' கொண்டும், ஆதாரில் 'எல்' கொண்டும் எழுதப்பட்டிருக்கும். கணினியின் கண்ணுக்கு அவர்கள் இரு வேறு பெண்கள். தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத அரசு ஒரு சீரான அட்டவணையை வகுத்து, அதைப் பிறப்புச் சான்றிதழிலிருந்தே நடைமுறைப்படுத்தினால் இத்துன்பம் அடுத்த தலைமுறைக்கேனும் இராது.

"தந்தை பெயரை எழுதிவிட்டுப் போகவேண்டியதுதானே?" என்பார்கள். பயணம் நெருங்கியவருக்கு அது சரியான அறிவுரையே. விமானச்சீட்டையும் விசாவையும் கடவுச்சீட்டிலுள்ள எழுத்துக்கூட்டலின்படியே பெறுவதும், அது இன்னும் ஆறு மாதமாவது செல்லுமா எனப் பார்ப்பதும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை உடன் வைத்திருப்பதும் அறிவுடைமை. ஆனால் தனிமனிதரின் முன்னெச்சரிக்கை அரசின் கடமைக்கு ஈடாகாது. குறைந்தபட்சம், அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டால் எந்தெந்த இடங்களில் சிக்கல் எழும் என்பதை விண்ணப்பிக்கும்போதே தமிழில் சொல்லிவிடலாம். விமான நிலைய வரிசையில், பிள்ளைகள் பார்த்து நிற்க அதை ஒருவர் அறிந்துகொள்ளும் நிலை இருக்கக்கூடாது.