பூசி மெழுகிய வாசல்

மந்தைவெளியில் இப்போது இருக்கும் அபார்ட்மென்ட்டுக்கு 1994-ல் நாங்கள் குடிவந்தபோது, தெருவிலிருந்து இரண்டு படி ஏறித்தான் கேட்டுக்குள் நுழைய வேண்டும். மேல்படியில் உட்கார்ந்து நான் குச்சி ஐஸ் தின்றிருக்கிறேன். இன்றைக்கு அதே கேட்டில் நான்கு விரல்கடை இறங்கி உள்ளே போகிறோம். படிகள் இரண்டும் அங்கேயேதான் இருக்கின்றன, தாருக்கு அடியில். கேட்டின் அடிப்பகுதியை மட்டும் இரண்டு முறை வெல்டரை வைத்து வெட்டியிருக்கிறோம்.

போன ஆகஸ்டில் அசோசியேஷன் கூட்டம். எட்டு வீடுகள். செக்ரட்டரி சார் ஒரு எஸ்டிமேட் கொண்டுவந்திருந்தார். காம்பவுண்டுக்குள் இருக்கும் தரை முழுவதையும் ரப்பிஷ் கொட்டி ஓரடி உயர்த்துவது, அதன்மேல் கான்கிரீட், அதன்மேல் பேவர் பிளாக். கேட்டுக்கு வெளியே ராம்ப்பை இன்னும் இரண்டடி தெருவுக்குள் இழுத்துக்கொள்வது. மொத்தம் 2 லட்சத்து 40 ஆயிரம். எல்லோரும் தலையாட்டினார்கள். தரைத்தளத்தில் தனியாக இருக்கும் பாட்டி மட்டும் கேட்டார்: "அப்ப மழைத் தண்ணி எங்க போகும்?"

"தெருவுக்குப் போயிடும் பாட்டி."

"தெருவுலேர்ந்து?"

யாரும் பதில் சொல்லவில்லை. டீ வந்துவிட்டது.

இந்தக் கட்டுரை பாட்டியின் இரண்டாவது கேள்விக்கானது. மண்வாசனை, முற்றம், மார்கழிக் கோலம் என்று கண்ணைக் கசக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. எனக்கும் கார் இருக்கிறது, சேற்றில் ஷூ வைக்க எனக்கும் பிடிக்காது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். சென்னையில் ஒவ்வொரு மழைக்கும் கார்ப்பரேஷனைத் திட்டும் நாம்தான், நம் கேட்டுக்கு உள்ளே இருக்கும் கடைசிச் சதுர அடி வரைக்கும் பூசி மெழுகி, அந்த வெள்ளத்தில் நம் பங்கைத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நம் பணத்தில், நம் ஓட்டில், நம் மேற்பார்வையில்.

நியூஜெர்ஸியில் வீடு வாங்கிய கல்லூரி நண்பன் ஒருவன் கோடையில் வீடியோ அனுப்புவான். வீட்டு முன்னால் கார் நிற்கும் தார் பாதையை அவனே சீல் செய்கிற வீடியோ. முதலில் விரிசல்களில் இருக்கும் புல்லைப் பிடுங்கி, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, விரிசலுக்குள் ரப்பர் கலந்த தாரை ஊற்றுகிறான். பிறகு பெரிய வாளியிலிருந்து கறுப்புக் குழம்பைக் கொட்டி, நீளக் கம்பில் மாட்டிய ரப்பர் தகட்டால் இழுத்து இழுத்துப் பரப்புகிறான். ஒன்றிரண்டு நாள் கார் ஏற்றக் கூடாது, மழை படக் கூடாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும் என்கிறான். இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. வெயிலில் தார் காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், இறங்கிய தண்ணீர் பனிக்காலத்தில் உறைந்து விரிந்து பாதையைப் பிளக்கும். தன் சொத்தைத் தானே குனிந்து பராமரிக்கிறான்.

ஆனால் அங்கேயும் இந்தக் கறுப்புப் பூச்சு எங்கே போகிறது என்று ஒருநாள் கேட்டார்கள். நிலக்கரித் தாரால் செய்த சீலன்ட்டுகள் டயரில் தேய்ந்து, மழையில் கழுவப்பட்டு, ஓடைகளிலும் ஏரிகளிலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்களாகச் சேர்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். டெக்சாஸின் ஆஸ்டின் நகரம் 2006-லேயே அவற்றைத் தடைசெய்தது. வாஷிங்டன் மாநிலம் முழுவதும் 2011-ல் தடை வந்தது. ஒருவர் தன் வாசலில் என்ன பூசுகிறார் என்பது ஊர் விவகாரம் என்று சட்டமே ஒத்துக்கொண்ட இடம் அது.

நமக்குத் தாருக்குப் பதில் சிமென்ட், வாளிக்குப் பதில் மேஸ்திரி. ஆசை மட்டும் அதே ஆசை. என் தரைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கக் கூடாது.

இப்போது தெருவுக்கு வருவோம், ஏனென்றால் எங்கள் செக்ரட்டரியின் வாதம் அங்கேதான் நிற்கிறது. "ரோடு ஏறிடுச்சு சார், நாம ஏத்தலைன்னா முழுகிடுவோம்." ரோடு ஏறியது உண்மை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் தலையிலேயே புதுத் தாரைப் போட்டால் ஒவ்வொரு முறையும் 4 சென்டிமீட்டராவது ஏறும். 5 வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்தாலும் 20 வருடத்தில் 16 சென்டிமீட்டர், அதாவது ஒரு படி. இதற்கு மருந்தும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மில்லிங் இயந்திரத்தை வைத்து எவ்வளவு போடப்போகிறோமோ அவ்வளவைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட வேண்டும். சுரண்டிய தாரும் ஜல்லியும் மறுபடி பயன்படும். 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, சுரண்டாமல் சாலை போடக் கூடாது, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விடுகின்றன என்று அதிகாரிகளுக்கு எழுதவே வேண்டியிருந்தது. ஒரு தலைமைச் செயலாளர் இதையெல்லாம் எழுத வேண்டியிருந்தது என்பதிலேயே நிலைமை புரியும். கார்ப்பரேஷனைத் திட்டுங்கள். நானும் கூடவே நின்று திட்டுகிறேன்.

(என் தொழிலிலும் இது உண்டு. ஓடுகிற ப்ரோக்ராமில் கோளாறு வந்தால் அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேலே ஒரு பேட்ச் போடுவோம். ரோட்டுக்காரர்களும் அதைப் பேட்ச் ஒர்க் என்றே சொல்கிறார்கள். நாங்களாவது ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தால் எழுந்து பார்க்கிறோம்.)

ஆனால் அந்த ரோடு ஏன் மூன்று மழையில் பல்லிளிக்கிறது? தாரின் எதிரி லாரி இல்லை, தேங்கும் தண்ணீர். ஜல்லிக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புகுந்தால் பிடிப்பு விட்டுப்போகும், அப்புறம் ஒரு ஸ்கூட்டர் போனாலும் ஜல்லி பெயரும். அதனால்தான் ரோட்டின் நடுவை மேடாகவும் இரண்டு ஓரத்தைச் சரிவாகவும் போடுகிறார்கள். தண்ணீர் ஓரத்துக்கு ஓடி மழைநீர் வடிகாலில் விழ வேண்டும். அந்த ஓரத்தில் என்ன இருக்கிறது? நம் ராம்ப். மயிலாப்பூரில் எந்தக் குறுக்குத் தெருவிலும் நின்று பாருங்கள். வீட்டுக்கு ஒரு சிமென்ட் நாக்கு தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வடிகாலின் வாய் அதற்குக் கீழே அடைபட்டுக் கிடக்கும். இரண்டு ராம்ப்புகளுக்கு நடுவில் ஒரு குட்டை. குட்டையில் ஊறி ரோடு உடைகிறது, உடைந்த ரோட்டின்மேல் இன்னொரு அடுக்கு விழுகிறது, ரோடு ஏறிவிட்டதே என்று நாம் ராம்ப்பை இன்னும் இரண்டடி நீட்டுகிறோம். எங்கள் எஸ்டிமேட்டின் கடைசி வரி அதுதான். அதற்குக் கார்ப்பரேஷன் பொறுப்பில்லை.

உயர்த்திக்கொள்வது தப்பா என்றால், தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் அது நியாயம்தான். ஜாக்கி வைத்து முழு வீட்டையே தூக்குகிறார்கள் இந்த ஊரில். பணம் இருப்பவர் ஓரடி ஏறுகிறார், அவருடைய தண்ணீர் ஏறாதவருக்கு வருகிறது. கடைசியில் தெருவிலேயே தாழ்வான வீட்டில் யார் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் கட்டடத்தில் அது பாட்டி. காம்பவுண்டுத் தரை ஓரடி ஏறினால் அவர் வாசற்படி மிஞ்சுவது அரையடி. நாங்கள் மாடியில் இருக்கும் ஐந்து பேர் ஓட்டுப் போட்டு அந்த அரையடியைத் தீர்மானித்தோம்.

சரி, கணக்குப் பார்ப்போம். நம் ஊரில் நிலத்தைக் கிரவுண்டில்தான் பேசுகிறோம். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். நவம்பரில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்வது இங்கே அதிசயமே இல்லை. அன்றைக்கு ஒரு கிரவுண்டில் விழுவது 22,300 லிட்டர். 12,000 லிட்டர் லாரி கிட்டத்தட்ட இரண்டு. மொட்டை மாடி, சிமென்ட் தரை, பேவர் பிளாக் என்று எல்லாமே மூடியிருந்தால் இந்த இரண்டு லாரியும் ஒரே நாளில் தெருவில் கவிழ்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு, எதிர்வீட்டிலிருந்து இரண்டு. பேவர் பிளாக்கில் தண்ணீர் இறங்கும் என்று விற்பார்கள், நம்பாதீர்கள். மணல்மேல் பதித்து இடுக்கிலும் மணலே போட்டால் கொஞ்சம் இறங்கும். கான்கிரீட்மேல் பதித்து இடுக்கில் சிமென்ட் தேய்த்தால், அது டிசைன் போட்ட கான்கிரீட், அவ்வளவுதான்.

2019 ஜூலையை மறந்திருக்க மாட்டீர்கள். ஏரிகள் வறண்டு, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். 50 வேகன், 25 லட்சம் லிட்டர். ஊரே போட்டோ எடுத்தது. அந்த ஒரு ரயில் தண்ணீர், 10 சென்டிமீட்டர் பெய்யும் ஒரு நாளில் 112 கிரவுண்டு நிலத்தில் விழுந்துவிடுகிறது. தி.நகரில் சில தெருக்கள் போதும். தி.நகரே ஒரு ஏரி என்பது வேறு விஷயம். 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்து மனை போட்ட ஊர் அது. மேற்கு மாம்பலத்தில் ஏரி இல்லாமல் லேக் வியூ ரோடு மட்டும் இருக்கிறது. ஆண்டுதோறும் தண்ணீர் தன் பழைய முகவரிக்கு வருகிறது, நாம் அதிர்ச்சியடைகிறோம்.

"மழைநீர் சேகரிப்பு எல்லா வீட்லயும் இருக்கே சார்" என்பார்கள். இருக்கிறது. 2003-ல் ஜெயலலிதா அரசு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கியபோது குழாய் போடாத வீடு இல்லை. அதற்கு முன்பே சேகர் ராகவன் என்ற இயற்பியல்காரர் பெசன்ட் நகரில் வீடுவீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். 2002-ல் மழை இல்லம் என்று ஒரு மையமே திறந்து, எந்த மண்ணுக்கு எந்த மாதிரிக் குழி என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கினார்கள். நல்ல சட்டம், நன்றாகவும் வேலை செய்தது. கிணறுகளில் தண்ணீர் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். என் கேள்வி வேறு. உங்கள் வீட்டுக் குழியைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்?

எங்கள் குழியின் மூடி ஒரு ஸ்விஃப்ட் காருக்கு அடியில் இருந்தது. காரை நகர்த்தி, கடப்பாரையால் நெம்பி நானும் வாட்ச்மேன் அண்ணனும் திறந்தோம். கரப்பான், ஒரு டென்னிஸ் பந்து, அதற்குக் கீழே பாறை. யாரோ வீட்டில் டைல்ஸ் போட்ட ஆட்கள் மிச்ச சிமென்ட் கரைசலை வருடக்கணக்காக அதற்குள்தான் கழுவி ஊற்றியிருக்கிறார்கள். மண்ணுக்குள் தண்ணீர் போவதற்கென்று வைத்திருந்த ஒரே ஓட்டையையும் மெழுகி முடித்திருந்தோம். லிஃப்டுக்கு வருடாந்திர கான்ட்ராக்ட் இருக்கிறது, ஜெனரேட்டருக்கு இருக்கிறது, ஆர்.ஓ. மெஷினுக்குக்கூட ஆள் வருகிறார். குழிக்கு யாரும் இல்லை.

கூட்டத்தில் ஐந்துக்கு மூன்று என்று தோற்றேன். ஆனால் தீபாவளி கழித்துத்தான் பணம் வசூல் என்று தள்ளிப்போட்டார்கள், அதுவரை சுவரோரம் மட்டும் ஏதாவது செய்துகொள்ளுங்கள் என்று விட்டார்கள். சுவரோரம் 30 அடி நீளம், இரண்டடி அகலம். கார் நிற்காத இடம். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் போடத்தான் சார் கூப்புடுவாங்க. எடுக்கக் கூப்புட்டது நீங்கதான்." மேலே டைல்ஸ், அதற்குக் கீழே ஒரு சிமென்ட், அதற்கும் கீழே இன்னொரு சிமென்ட். அதையும் உடைத்தால் பொடிப்பொடியாகச் சிப்பி கலந்த மணல். கடலிலிருந்து அதிக தூரமில்லையே. ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினோம். நான் போனை எடுத்து வீடியோவை ஆன் செய்வதற்குள் தண்ணீர் காணோம்.

பழைய குழியையும் உடைத்து, பக்கத்தில் நான்கடி ஆழத்துக்குப் புதிதாகத் தோண்டி, அடியில் உடைந்த செங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல். மாடிக் குழாயை அதில் விட்டோம். கூலியும் சாமானும் சேர்த்து 11 ஆயிரம் ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில், மேல்மணலை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். அரை நாள் வேலை, வீட்டுக்காரர்களே செய்யலாம். எங்கள் மண் மணல் என்பதால் இவ்வளவு சுலபம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தி.நகர் மாதிரி களிமண் இருக்கும் இடத்தில் நான்கடிக் குழி குட்டையாகத்தான் நிற்கும், மணல் தட்டும் வரைக்கும் துளை இறக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியை ஒட்டித் தோண்டக் கூடாது. கார் கழுவிய தண்ணீரை இதில் விடக் கூடாது.

கொசு வரும் என்றார் மூன்றாவது மாடி. தண்ணீர் நின்றால்தான் கொசு. இங்கே நிற்பதில்லை, ராம்ப் ஓரத்துக் குட்டையில்தான் நிற்கிறது. கார் எங்கே நிறுத்துவது என்றார்கள். காருக்கு வேண்டியது டயர் படுகிற இரண்டு பட்டைதான், ஒவ்வொன்றும் இரண்டடி அகலம். நடுவில் இருக்கும் மண்ணால் காருக்கு என்ன நஷ்டம்? பாம்பு வரும் என்றும் ஒருவர் சொன்னார். மந்தைவெளியில்.

செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி நல்ல மழை. காலையில் பாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சுவரோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க இருக்கறது எறங்கிடுத்துடா. அது என்ன, அந்தப் பக்கத்துலேர்ந்து ஊத்தறது?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டில் மே மாதமே ஓரடி உயர்த்திவிட்டார்கள். முழுக்கக் கான்கிரீட், பளிச்சென்று. சரிவை எங்கள் பக்கம் வைத்து, காம்பவுண்டுச் சுவரில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். செக்ரட்டரி சார் அதைச் சிமென்ட் வைத்து அடைத்துவிடலாம் என்கிறார். அடைத்தால் அது தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து எங்கள் கேட் வழியாக பாட்டியிடமே வரும். அந்தக் குழாய்க்கு நேர் கீழே இரண்டாவது குழியைத் தோண்ட அடையாளம் போட்டிருக்கிறேன். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு வருகிறார். ஸ்விஃப்ட்காரர் காரை எடுத்துத் தெருவில் விட ஒத்துக்கொண்டிருக்கிறார், பாதி மனசோடு.