ரூட்டர் குறிப்பில் 1970-ம் ஆண்டு!

வீட்டு மூலையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் இரண்டு மூன்று விளக்குகள் மினுக்குகின்றன. அதுதான் ரூட்டர். வீட்டில் உள்ள செல்போன், டெலிவிஷன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் இன்டர்நெட்டைப் பங்கு போட்டுக் கொடுப்பது அதுதான்.

அந்தப் பெட்டி ஒரு குறிப்பேடு எழுதுகிறது. யார் வந்தார்கள், யார் போனார்கள், எத்தனை மணிக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். இதற்கு "லாக்" என்று பெயர்.

பெட்டியை நடத்தும் புரோகிராமின் பெயர் "பர்ம்வேர்". அதில் ஓட்டை இருப்பது தெரிந்தால், கம்பெனி புதிய பர்ம்வேரை அனுப்புகிறது. பெட்டி ஒரு முறை அணைந்து எரிகிறது. அதன் பிறகு குறிப்பேட்டைத் திறந்து பார்ப்பவர்கள் திகைத்துப் போகிறார்கள்.

தேதி, 1970 ஜனவரி 1. நேரம், காலை 5.30!

அதன் கீழே "தாக்குதல்" என்று ஆங்கிலத்தில் வரிசையாகப் பல வரிகள். அதற்கும் கீழே, வீட்டில் யாருக்கும் சொந்தம் இல்லாத ஒரு புதுச் சாதனம்.

"புது பர்ம்வேர்தான் திருடனைக் கூட்டி வந்துவிட்டது" என்று பயந்து, பழையதையே திரும்பப் போட்டுவிடுகிறார்கள் சிலர். புதுப் பூட்டு கிறீச்சிடுகிறது என்று உடைந்த பூட்டை எடுத்து மாட்டுவது போன்ற காரியம் இது.

கடிகாரம் படுத்தும் பாடு

வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலானவற்றில், நேரத்தைக் காக்கும் பாட்டரி கிடையாது. அணைந்து எரிந்தால் நேரம் மறந்துவிடும். இவற்றின் புரோகிராம்கள் நேரத்தை வினாடிகளாக எண்ணுகின்றன. 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவுதான் பூஜ்யம். கிரீன்விச்சில் நள்ளிரவு என்றால் இந்தியாவில் காலை 5.30. அதுதான் மர்மம்!

இன்டர்நெட் கிடைத்ததும், பெட்டி வெளியே ஒரு நேரக் கம்ப்யூட்டரிடம் மணி கேட்டுச் சரி செய்து கொள்கிறது. மணி கிடைக்கும் வரையில் எழுதிய வரிகளில் மட்டும் பழைய தேதி நிற்கும்.

இந்த மணி கேட்கும் வேலை ஒரு முறை பெரிய ரகளை ஆகிவிட்டது. 2003 மே மாதம். அமெரிக்காவில், மாடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அங்குள்ள நேரக் கம்ப்யூட்டரை நோக்கி வினாடிக்கு 40 ஆயிரம் கேள்விகள் பாய்ந்தன. ஜூன் மாதம் அது இரண்டரை லட்சம் ஆயிற்று. யாரோ தாக்குகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. பதிவுகளைத் துருவிப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது. நெட்கியர் கம்பெனியின் சில ரகப் பெட்டிகளுக்குள் அந்த ஒரே கம்ப்யூட்டரின் முகவரி எழுதப்பட்டிருந்தது. பதில் கிடைக்காவிட்டால் வினாடிக்கு ஒரு தடவை கேட்டுக் கொண்டே இருக்கும்! அப்படிப்பட்ட பெட்டிகள் 7 லட்சம் தயாராகி இருந்தன. பதிவைப் பொறுமையாகப் படித்ததால்தான் இது தெரிந்தது.

கதவைத் தட்டுவது யார்?

"தாக்குதல்" வரிகளுக்கு வருவோம். ரூட்டர் அணைந்து எரியும்போது, யார் எந்த இணையதளத்துடன் பேசிக்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிடுகிறது. முன்பு கேட்டதற்குப் பதில் இப்போது வந்தால், அழையாத விருந்தாளி என்று நினைத்துக் குறித்து வைக்கிறது.

உண்மையாகவே தட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. இன்டர்நெட்டின் பழைய முறை முகவரிகள் சுமார் 430 கோடி. அத்தனையையும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2013-ல் காட்டினார்கள். ஆகவே நேற்றும் தட்டினார்கள், அதற்கு முன்பும் தட்டினார்கள். புது பர்ம்வேர் அதை எழுதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். தட்டியவன் உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம் இல்லை.

பெயர் தெரியாத சாதனம்? பெரும்பாலும் வீட்டுச் செல்போன்தான். 2019-ல் ஆண்டிராய்டு 10, 2020-ல் ஐபோனின் ஐ.ஓ.எஸ். 14 வந்த பிறகு, போன்கள் தங்கள் அடையாள எண்ணை மறைத்துப் பொய் எண் சொல்கின்றன. வேவு பார்ப்பவர்களிடமிருந்து தப்பத்தான் இந்த வேஷம். ஒவ்வொரு போனாக வைபையை நிறுத்திப் பார்த்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் அந்தப் பெயர் நின்றால், உடனே வைபை பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

கவலைப்பட வேண்டிய வரிகள் வேறு. வெளியே இருந்து ஒருவர் ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைந்ததாக இருந்தால் அது ஆபத்து. யாரும் தொடாமலே "டி.என்.எஸ்." எண் மாறியிருந்தாலும் ஆபத்து. ஏனென்றால் பாங்கு இணையதளத்துக்கு வழி காட்டுவது அந்த எண்தான். அதை மாற்றியவன், போலி பாங்குக்கு வழி காட்டலாம்.

கம்பெனிகளின் பொறுப்பு

2016 நவம்பரில் ஜெர்மனியில், ஒரு கிருமிப் புரோகிராம் பரவ முயன்றதில் சுமார் 9 லட்சம் வீடுகளின் ரூட்டர்கள் தடுமாறின. அதற்கு மருந்தாக வந்தது புதிய பர்ம்வேர்தான். பெட்டியை அணைத்துப் போட்டு அதைப் பெற்றுக் கொள்ளும்படி வாடிக்கையாளர்களுக்குச் சொன்னார்கள். பயந்து பழையதற்குத் திரும்புகிறவர்கள் கைவிடுவது இந்த மருந்தைத்தான்.

அவர்களை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. தாமதமாக வந்த பதிலுக்கும் "தாக்குதல்", நிஜத் திருடனுக்கும் "தாக்குதல்" என்று ஒரே வார்த்தையை எழுதினால் குடும்பத்தார் என்ன செய்வார்கள்? "புது பர்ம்வேர் போடப்பட்டது. கடிகாரம் இன்னும் சரியாகவில்லை" என்று தமிழில் ஒரு வரி எழுதக் கம்பெனிக்கு என்ன செலவு?

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் அமலுக்கு வந்திருக்கிறது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே எளிதான பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களை எவ்வளவு காலம் தருவோம் என்பதையும் கம்பெனி அறிவிக்க வேண்டும். புது ரூட்டர் வாங்கப் போகிறவர்கள், எத்தனை மைல் வேகம் என்று கேட்பதற்கு முன்னால், "இதற்கு எத்தனை வருஷம் பர்ம்வேர் வரும்?" என்று கடைக்காரரைக் கேட்கலாம். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்காவது அவர் பதில் தெரிந்து வைத்திருப்பார்.