கீபேடுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு

உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துவிட்டு கம்பஸ் கிடைக்கிற வரைக்கும் நம்ம நாட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? வசதி இருக்கிறவர்கள் கோர்ஸ் செய்வார்கள். எங்கள் தோட்டத்துப் பக்கம் நிறையப் பேர் கொழும்புக்கு பஸ் ஏறிவிடுவோம். நானும் ஏறினேன். பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்திலிருந்து போய், என் சித்தி பதினொரு வருஷமாக வேலை செய்கிற ஒரு வீட்டில் மூன்று மாதம் அவருக்குக் கைத்துணையாக இருந்தேன்.

முதல் நாள் ராத்திரி சித்தி எனக்குக் காட்டிக்கொடுத்தது சமையலறையை இல்லை. முன்கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டியை. கால்குலேட்டர் மாதிரி பத்து இலக்கம், ரெண்டு மூணு பட்டன், மேலே ஒரு சின்ன லைட். "இதுதான் அலாரம். ராவுக்கு நான்தான் போடணும், விடியக்காலைல நான்தான் எடுக்கணும். நீ தொட்றாத" என்றார்.

சித்தி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கீபேடு திரையில் ஓடுகிற இங்கிலீஷ் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய நாலு இலக்கத்தை இலக்கமாகவும் அவர் ஞாபகம் வைத்திருக்கவில்லை. "மேல மூலை, நடு, நடு, கீழ" என்று விரல் போகிற வழியாகத்தான் வைத்திருந்தார். கொழுந்து எடுக்கிற கை பார்க்காமலே ரெண்டு இலையும் மொட்டும் தேடிப் போகிற மாதிரி அந்த விரலும் போகும். பதினொரு வருஷத்தில் ஒருநாளும் அவர் பிழையாக அழுத்தியதில்லை.

இந்த சாமானைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. லயத்தில் எங்களுக்கு இருப்பது ஒரு ஆமைப் பூட்டு. அதைவிட்டால் ஒரு நாய், பிறகு பக்கத்துக் காம்பரா. பழைய லயங்களில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரை போகாது. யாராவது இருமினால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். கள்ளன் வந்தால் கேட்காதா? அதனால் அலாரம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வருகிற விஷயமும் அதுக்குள்ளேதான் இருக்கிறது.

கதவிலும் ஜன்னலிலும் ஒரு பக்கம் சின்னக் காந்தம், மறுபக்கம் ஒரு சுவிட்ச். கதவு திறந்தால் காந்தம் விலகும், செய்தி போகும். அறை மூலையில் இருக்கிற வெள்ளைப் பெட்டி உடம்புச் சூடு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லா வயரும் எங்கேயோ ஒரு அலுமாரிக்குள் இருக்கிற பெரிய பெட்டிக்குப் போகும். அதற்குள் ஒரு பேட்டரியும் இருக்கும். 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் அந்தப் பேட்டரி இறங்கி, கீபேடு விடிய விடியக் கீச்சுக் கீச்சென்று கத்தியதாகச் சித்தி சொன்னார்.

வீட்டில் யாரும் இல்லாதபோது போடுகிற முறை ஒன்று: எல்லாக் கண்ணும் விழித்திருக்கும். ஆட்கள் உள்ளே தூங்கும்போது போடுகிற முறை இன்னொன்று: வெளிக்கதவுகள் மட்டும் காவலில் இருக்கும், உள்ளே நடமாடலாம். போட்டவுடன் வெளியே போகக் கொஞ்ச நேரம் தரும். திறந்து உள்ளே வந்தால் இலக்கத்தை அழுத்தவும் கொஞ்ச நேரம் தரும். பெரும்பாலும் அரை நிமிஷம் அளவில் வைத்திருப்பார்கள். அதற்குள் அழுத்தாவிட்டால் சைரன்.

ரெண்டு விஷயம் நிறைய வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. ஒன்று, பல கீபேடுகளில் பயமுறுத்தலுக்கான தனி இலக்கம் ஒன்று வைக்கலாம். கள்ளன் கத்தியை வைத்து "எடு" என்றால் அந்த இலக்கத்தை அழுத்த வேண்டும். அலாரம் நின்றுபோன மாதிரி இருக்கும். ஆனால் கண்காணிக்கிற இடத்துக்கோ வீட்டுக்காரரின் போனுக்கோ சத்தமில்லாமல் செய்தி போய்விடும். ரெண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இலக்கம் கொடுக்கலாம். கொடுத்தால் யார், எந்த நாள், எத்தனை மணிக்குப் போட்டார், எத்தனை மணிக்கு எடுத்தார் என்று எல்லாவற்றையும் அந்தப் பெட்டி எழுதி வைத்துக்கொள்ளும்.

சித்திக்கு இந்த ரெண்டையும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

நான் போய் ரெண்டாவது மாதம், ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிபோல சைரன் அலறியது. எல்லோரும் எழுந்து ஓடினோம். ஹோலில் யாரும் இல்லை. உணர்கருவியின் மேலேயே ஒரு பல்லி ஊர்ந்துகொண்டிருந்தது. ஐயா அதைக் கண்டார், சிரித்தார், அலாரத்தை நிறுத்தினார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். காலையில் ஐயா போனை வைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"நேத்து விடியக்காலை 4.52க்கு எதுக்குக் கதவைத் தொறந்த?"

சித்தி பயந்துபோனார். "பின்னால குப்பை வைக்க, ஐயா. ஸ்கூல் வேன் ஆறு மணிக்கு. இடியப்பம் அவிக்கணும்ல."

"முந்தின நாள் 4.47."

"அன்னைக்கும் அதுக்குத்தான், ஐயா."

"ம்ம். சரி."

அவர் கெட்ட மனுஷன் இல்லை. அவர்களும் தமிழ் ஆட்கள்தான், எனக்கு கம்பஸ் போகப் பேக் வாங்கிக் கொடுத்தவர்கள். பல்லியைக் கண்ட பிறகும் பதிவைப் பார்த்திருக்கிறார், அதில் சித்தியின் வரிகளைத் தேடிப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் திரையை நானும் எட்டிப் பார்த்தேன். 4.52க்கு மேலே இருந்த வரியில், அதே ஆளின் பெயரில், முந்தைய இரவு 11.20க்கு அலாரம் போடப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய நாள் 11.35. அதற்கும் முந்தைய நாள் 10.58, காலையில் 4.40.

அந்தப் பெட்டி சித்தியின் வேலை நேரத்தை எழுதி வைத்திருந்தது. காலை 4.52 முதல் இரவு 11.20 வரை, பதினெட்டு மணித்தியாலத்துக்கும் மேலே. பகலில் ஒரு மணித்தியாலம் சாய்ந்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஐயா 4.52ஐ வாசித்தார். கதவு ஏன் திறந்தது என்று கேட்டார். அந்த ஆள் ஏன் அந்நேரமே எழும்ப வேண்டியிருந்தது என்று கேட்கவில்லை. ரெண்டு வரியும் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் இருந்தன.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. வேலையாட்களின் கக்கூஸ் அந்த வீட்டில் பின்வளவில் இருந்தது. கொழும்புப் பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தான். பின்கதவும் காவலில் இருக்கிற கதவு. அலாரம் போட்ட பிறகு அந்தக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் ஹோலுக்குப் போய், இலக்கம் அழுத்தி, கீபேடு கத்த, மேல்மாடியில் எல்லோரும் எழும்ப, பிறகுதான் போகலாம். சித்தி பதினொரு வருஷமாக இரவு எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. நான் வந்தபோதும் "ராவுக்குத் தண்ணி குடிக்காத" என்றார். குளிருக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கொழும்பில் என்ன குளிர்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பதிவேடு புதுசு இல்லை. செக்ரோல் தெரியும். பேர் விழுந்ததா இல்லையா, முழுப் பேரா அரைப் பேரா என்பதில்தான் எங்கள் வீட்டு அரிசி இருந்தது. ரெண்டு கிலோ குறைந்தால் அரைப் பேர் போட்ட கதை ஒவ்வொரு லயத்திலும் இருக்கும். அந்தப் பதிவேட்டில் அநியாயம் உண்டு, சண்டை போட்டிருக்கிறோம், யூனியன் வைத்திருக்கிறோம். ஆனாலும் அதில் நாங்கள் வேலை செய்தோம் என்றாவது எழுதியிருக்கும். கொழும்பு வீட்டில் சித்திக்கு செக்ரோல் இல்லை. அவரைப் பற்றி ஒழுங்காக எழுதப்படுகிற ஒரே பதிவு கள்ளனைப் பிடிக்க வைத்த பெட்டியில் இருக்கிறது.

இது அந்த ஒரு வீட்டுக் கதை இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், 1871இல், இந்த நாட்டில் வீட்டுப் பணியாளர்களைப் பதிவு செய்ய ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேலைக்காரர் யார், எங்கே வேலை செய்தார், எப்படிப்பட்டவர் என்று குறித்து வைப்பதுதான் அதன் நோக்கம். வேலைக்காரர் எத்தனை மணித்தியாலம் உழைக்கலாம் என்று எழுதுவதற்கு வந்த சட்டம் இல்லை அது. நூற்றைம்பது வருஷம் கழித்துச் சுவரில் வந்த கீபேடும் அதே கண்ணோடுதான் வாசிக்கப்படுகிறது.

அந்தக் கண் எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குத் தெரியும். 2023 மே மாதம், பதுளையைச் சேர்ந்த ஒரு வீட்டுப் பணிப்பெண் மீது கொழும்பில் நகைத் திருட்டு முறைப்பாடு கொடுக்கப்பட்டது. வெலிக்கடை பொலிஸார் அவரைக் கைது செய்தார்கள். காவலில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார். பிள்ளைகள் உள்ள ஒரு தாய். அந்தச் செய்தி வந்த நாள் மலையகத்தில் எத்தனை வீட்டிலிருந்து கொழும்புக்கு போன் போயிருக்கும்! எங்கள் வீட்டிலிருந்தும் போனது. அம்மா சித்தியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க எதுவும் காணாமப் போகலைல?"

இந்தக் கருவியின் வரலாற்றைத் தேடியபோது எனக்கு ஆச்சரியமான ஒரு பெயர் கிடைத்தது. மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயோர்க்கில் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த கறுப்பினத் தாதி. நேரம் கெட்ட நேரத்தில் வேலை, வீட்டில் தனிமை, கூப்பிட்டால் பொலிஸ் சுணங்கித்தான் வரும். அதனால் அவரும் அவருடைய கணவரும் சேர்ந்து, கதவில் ஓட்டைகளும் நகரும் கமராவும், உள்ளே ஒரு திரையும், வந்தவரோடு பேச மைக்கும், ஆபத்தென்றால் அழுத்த ஒரு பட்டனும் வைத்த ஒரு அமைப்பை உருவாக்கினார்கள். 1966இல் விண்ணப்பித்து 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார்கள். இன்றைய வீட்டுப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு அது ஒரு முன்னோடி. ஒரு உழைக்கிற பெண் தன் பயத்துக்காகச் செய்த சாமான் அது. அதே வகைச் சாமான் இன்னொரு உழைக்கிற பெண்ணுக்குப் பயமாக மாறியிருக்கிறது.

"அப்போ அலாரமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. களவு நடக்கிறதுதான். எங்கள் அப்பா போட்ட லீக்ஸ் பாத்தியை ஒரே ராத்திரியில் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். வேலையாளுக்கு இலக்கம் கொடுக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. சொல்லப்போனால் தனி இலக்கம் அவருக்குத்தான் பாதுகாப்பு. வீட்டில் எல்லோரும் ஒரே இலக்கத்தைப் பாவித்தால் யார் திறந்தது என்று பெட்டிக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியாதபோது விரல் யார் பக்கம் நீளும் என்று சொல்லவும் வேண்டுமா?

நான் கேட்பது இவ்வளவுதான். அவருக்குத் தனி இலக்கம் கொடுங்கள். அது எழுதி வைக்கும் என்பதை அவருக்கு முதல்நாளே சொல்லுங்கள். பயமுறுத்தலுக்கான இலக்கம் இருந்தால் அதையும் கற்றுக்கொடுங்கள். பகலில் வீட்டில் தனியாக இருந்து கதவைத் திறப்பவர் அவர்தான், கத்தி வந்தால் முதலில் அவர் கழுத்துக்குத்தான் வரும். கீபேடுக்குப் பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதி ஒட்டுங்கள். அவர் கக்கூஸ் போகிற கதவை என்ன செய்யலாம் என்று பூட்ட வருகிற டெக்னீஷியனிடம் கேளுங்கள், அந்தக் கதவை மட்டும் இரவில் விலக்கி வைக்க வழி உண்டு. ஏதாவது காணாமல் போனால் பொலிஸுக்குப் போவதற்கு முன்னால் பதிவை அவரோடு சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். பார்க்கும்போது எல்லா வரியையும் பாருங்கள். 4.52ஐப் பார்க்கிற கண் 11.20ஐயும் பார்க்கட்டும். அது சம்பளக் கணக்கு, ஓய்வுக் கணக்கு.

இதை வாசிக்கிற மலையகப் பிள்ளைகளிடம் ஒன்று. நம்மில் பலரைப் படிக்க வைத்தது இப்படி ஒரு சித்தியின், பெரியம்மாவின், அக்காவின் சம்பளம். அடுத்த தடவை போன் எடுக்கும்போது "சுகமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ராவைக்கு எத்தனை மணிக்குப் படுக்குறீங்க, கதவு யார் கையில இருக்கு, வெளிய போக முடியுமா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

நான் கம்பஸுக்குக் கிளம்புவதற்கு முந்தைய நாள், பதிவு என்றால் என்ன என்று சித்திக்கு விளக்கினேன். கொஞ்ச நேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினொரு வருஷமும் எழுதியிருக்குமா?" என்று கேட்டார். அவ்வளவு இடம் இருக்காது, பழசு பழசாக அழிந்துபோகும் என்றேன்.

"அப்போ நீயே எழுதி வை" என்றார். அதனால்தான் இதை எழுதினேன்.